லேப்டாப்பை மாற்றும் முன் டிரைவை மாற்றிப் பாருங்கள்

"லேப்டாப் வாங்கி ஏழு வருடம் ஆகிறது. ஆன் செய்துவிட்டு காபி குடித்து வந்தாலும் டெஸ்க்டாப் வரவில்லை. புதியது வாங்கிவிடலாமா?" வாசகர்களிடமிருந்து அதிகம் வரும் கேள்விகளில் இதுவும் ஒன்று. அடுத்தபடியாக வருவது, "என் லேப்டாப்பில் 128 ஜிபி எஸ்.எஸ்.டி. தான் உள்ளது. சி டிரைவ் எப்போதும் சிவப்பாகவே இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்பது. இரண்டுக்கும் பல கடைகளில் கிடைக்கும் பதில், "பழசாயிடுச்சு சார், புதுசு எடுத்துடுங்க" என்பது தான்.

இந்தப் பதில் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. பழைய லேப்டாப்பில் ப்ராசசர், திரை, கீ போர்டு ஆகியவை நன்றாக இருந்து, டிரைவ் மட்டும் மெதுவாகவோ சிறியதாகவோ இருந்தால், மாற்ற வேண்டியது டிரைவைத் தான். அதற்கு ஆகும் செலவு புதிய லேப்டாப்பின் விலையில் ஒரு சிறு பகுதியே. ஆனால் "எஸ்.எஸ்.டி. போட்டால் ராக்கெட் மாதிரி ஓடும்" என்று சொல்லி, எது பொருந்தும் என்று பார்க்காமலேயே விலை கூடிய ஒன்றைத் தலையில் கட்டுவதும் நடக்கிறது. இரண்டையும் தவிர்க்க வேண்டும் என்றால், டிரைவ் பற்றிச் சில விஷயங்களை வாங்குபவரே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

தாமதம் எங்கே ஏற்படுகிறது?

பழைய லேப்டாப்களில் உள்ள ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் வகை. ஒரு சுற்றுக்கு 11 மில்லி செகண்ட் ஆகும். தேவைப்படும் தகவல் உள்ள இடம் ஹெட்டிற்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதாவது ஐந்தரை மில்லி செகண்ட். அதற்கு முன் ஹெட் சரியான தடத்திற்கு நகர வேண்டும். அதற்கு ஏறத்தாழ 12 மில்லி செகண்ட். இரண்டும் சேர்ந்து 17 அல்லது 18 மில்லி செகண்ட். எனவே ஒரு விநாடியில் சுமார் 60 இடங்களிலிருந்து மட்டுமே தகவலைப் படிக்க இயலும். விண்டோஸ் தொடங்கும் போது ஆயிரக்கணக்கான சிறிய பைல்கள் டிஸ்க்கின் பல மூலைகளிலிருந்து படிக்கப்படுகின்றன. இதனுடன் ஆண்ட்டி வைரஸ் ஸ்கேனும் அப்டேட்டும் சேர்ந்து கொண்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டும் இல்லை. நகரும் ஹெட்டும் இல்லை. எந்த இடத்தில் உள்ள தகவலையும் ஒரு மில்லி செகண்டில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்துத் தந்துவிடும். பழைய லேப்டாப் புதியது போலத் தெரிவதற்கு இது தான் காரணம். ப்ராசசர் அதே ப்ராசசர் தான். இதுவரை அது டிஸ்க்கிற்காகக் காத்துக் கொண்டிருந்தது. இப்போது காத்திருப்பது இல்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் தரப்பட்டவை ஹார்ட் டிஸ்க் கொண்டவை. பல வீடுகளில் அவை இன்று பீரோவின் மேல் கிடக்கின்றன. கட்டுரை டைப் செய்யவும், பாடங்களைப் படிக்கவும், தமிழ் டைப்பிங் பழகவும் ஒரு குழந்தைக்கு அது போதும். அதற்குத் தேவையான முதல் மாற்றம் டிரைவ் தான்.

இனி இரண்டாவது வகை வாசகர். இவரிடம் எஸ்.எஸ்.டி. ஏற்கனவே உள்ளது, ஆனால் 128 ஜிபி. விண்டோஸ், அதன் அப்டேட்கள், ஆபீஸ், ஒரு பிரவுசர், மொபைலில் இருந்து இறக்கிய போட்டோக்கள் என்று சேர்ந்தவுடன் இடம் முடிந்து விடுகிறது. எஸ்.எஸ்.டி. நிரம்ப நிரம்ப அதன் எழுதும் வேகம் குறையும். ஏனெனில் பிளாஷ் மெமரியில் பழைய தகவலின் மேல் நேரடியாக எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதும் அழித்த பின்னரே மீண்டும் எழுத முடியும். காலி இடம் குறைவாக இருந்தால், டிரைவின் கண்ட்ரோலர் தகவலை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் நகர்த்திக் கொண்டே இருக்க வேண்டும். இதனால் வேகமும் குறைகிறது, தேய்மானமும் கூடுகிறது. டெம்பரரி பைல்களை நீக்கினால் ஒரு மாதம் ஓடும். பிறகு பழைய கதை தான். இவருக்குத் தேவை வேகமான டிரைவ் அல்ல, பெரிய டிரைவ்.

பெட்டியில் உள்ள எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம்

எஸ்.எஸ்.டி. பெட்டியில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். சாட்டா வகையில் விநாடிக்கு 550 எம்.பி. அளவில். என்.வி.எம்.இ. மூன்றாம் தலைமுறையில் 3,500 எம்.பி. நான்காம் தலைமுறையில் 7,000 எம்.பி. கூட உண்டு. 7,000 என்பது 550ஐப் போல 12 மடங்குக்கும் மேல். அப்படியானால் லேப்டாப் 12 மடங்கு வேகமாகுமா? ஆகாது.

இந்த எண்கள் ஒரே பெரிய பைலைத் தொடர்ந்து படிக்கும் போது கிடைக்கும் உச்ச வேகத்தைக் குறிக்கின்றன. வீட்டு உபயோகத்தில் நடப்பது சிறு சிறு பைல்களை அங்கும் இங்கும் படிப்பது. அதில் எல்லா எஸ்.எஸ்.டி.க்களும் ஹார்ட் டிஸ்க்கை விடப் பல மடங்கு மேல். அவற்றுக்குள் உள்ள வித்தியாசமோ கண்ணுக்குத் தெரிவது கடினம். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டா எஸ்.எஸ்.டி.க்கு மாறினால் வீட்டில் உள்ள அனைவரும் கவனிப்பார்கள். சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறினால், பெரிய வீடியோ பைல்களைக் கையாள்பவர் கவனிப்பார்.

அதோடு, லேப்டாப்பில் உள்ள ஸ்லாட் மூன்றாம் தலைமுறை என்றால், அதில் நான்காம் தலைமுறை டிரைவைப் போட்டாலும் மூன்றின் வேகமே கிடைக்கும். டிரைவ் வேலை செய்யும்; கூடுதலாகக் கொடுத்த பணம் வேலை செய்யாது. வேகம் கூடிய சில டிரைவ்கள் அதிகம் சூடாகும் என்பதையும், மெல்லிய பழைய லேப்டாப்பில் காற்றோட்டம் குறைவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே பழைய லேப்டாப்பிற்கு டிரைவ் வாங்கும் போது முதலில் பொருத்தம், அடுத்து அளவு, பிறகு தரம், கடைசியாக வேகம் என்ற வரிசையில் முடிவு செய்வதே சரி.

உங்கள் லேப்டாப்பில் என்ன பொருந்தும்?

1. இரண்டரை அங்குல சாட்டா: ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் அப்படியே பொருந்தும். எஸ்.எஸ்.டி.யின் தடிமன் பெரும்பாலும் 7 மி.மீ. பழைய லேப்டாப்பில் 9.5 மி.மீ. தடிமனுக்கு இடம் இருந்தால், ஆடாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் சட்டம் வைக்க வேண்டும்.

2. எம்.சாட்டா: சுமார் 2011 முதல் சில ஆண்டுகள் வந்த சில லேப்டாப்களில் உள்ள சிறிய கார்டு வகை. அடுத்து வரும் எம்.2 இதில் பொருந்தாது.

3. எம்.2: சூயிங்கம் பட்டை போன்ற வடிவம். 2280, 2242, 2230 என்ற எண்கள் அளவைக் குறிக்கும். 2280 என்றால் அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ. லேப்டாப்பில் 42 மி.மீ.க்கு மட்டும் இடம் இருந்தால் 80 மி.மீ. டிரைவைப் பொருத்த வழியே இல்லை.

அதிகம் பேர் பணத்தை இழப்பது எம்.2 வகையில் தான். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டுமே. அதே வடிவத்தில் சாட்டா டிரைவும் உண்டு, என்.வி.எம்.இ. டிரைவும் உண்டு. சில பழைய லேப்டாப்களின் ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்கும். சில என்.வி.எம்.இ.யை மட்டும் ஏற்கும். சில இரண்டையும் ஏற்கும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ. ஆனால் இரண்டு வெட்டு கொண்ட என்.வி.எம்.இ. டிரைவ்களும் வந்துள்ளன என்பதால், வெட்டை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்லாட் என்.வி.எம்.இ.யை ஏற்றாலும், பழைய பயாஸ் அதிலிருந்து பூட் செய்ய மறுக்கலாம்.

எனவே லேப்டாப்பின் அடியில் உள்ள மாடல் எண்ணைக் குறித்துக் கொண்டு, நிறுவனத்தின் இணைய தளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். எந்த ஸ்லாட், எந்த நீளம், எந்த வகை என்று அதில் இருக்கும். ஏற்கனவே உள்ள டிரைவின் பெயரை டிவைஸ் மேனேஜரில் பார்த்து அதே வகையை வாங்குவதும் பாதுகாப்பான வழி. ரிச்சி தெருவில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் இந்தத் தகவல் கையில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

சில லேப்டாப்களில் மாற்றவே முடியாது. குறைந்த விலை லேப்டாப்கள் பலவற்றில் 32 அல்லது 64 ஜிபி இ.எம்.எம்.சி. மெமரி மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டிருக்கும். 2018ல் வந்த மேக்புக் ஏர் முதல் ஆப்பிள் ஏர் வரிசையிலும் இதே நிலை. அதற்கு முந்தைய ஏர் மாடல்களில் டிரைவைக் கழற்றலாம். ஆனால் அந்தக் கனெக்டர் ஆப்பிளுக்கே உரியது. கடையில் கிடைக்கும் சாதாரண எம்.2 அதில் நேரடியாகப் பொருந்தாது.

எவ்வளவு ஜிபி? என்ன தரம்?

வீட்டு உபயோகத்திற்கு 500 ஜிபி போதுமானது. 500 என்று வாங்கியது விண்டோஸில் 465 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனங்கள் ஜிபியை நூறு கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1,024 என்ற கணக்கில் வகுக்கிறது. அவ்வளவு தான்.

"எஸ்.எஸ்.டி. சீக்கிரம் தேய்ந்து போகும்" என்ற பயம் இன்னும் பலரிடம் உள்ளது. கணக்கிட்டுப் பார்ப்போம். சாம்சங் 870 ஈவோ 500 ஜிபி டிரைவிற்கு நிறுவனம் தரும் வாரண்டி ஐந்து ஆண்டுகள் அல்லது 300 டிபி எழுதும் வரை, இதில் எது முதலில் வருகிறதோ அது. ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினால் (சாதாரண வீட்டில் இது அதிகம் தான்) ஆண்டுக்கு 7.3 டிபி. 300 டிபி எழுத 41 ஆண்டுகள் ஆகும். தேய்மானம் வீட்டு வாசகரின் கவலை அல்ல. திடீரெனச் செயலிழப்பது தான் கவலை. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சாகும். எஸ்.எஸ்.டி. பல நேரம் முன்னறிவிப்பே தராது. அழிந்த பைல்களை மீட்பதும் இதில் கடினம். ஆகவே புதிய டிரைவ் போட்ட பின்பும் பேக்கப் அவசியம்.

டி.எல்.சி., க்யூ.எல்.சி. என்ற சொற்களையும் கவனியுங்கள். ஒரு செல்லில் முன்னது மூன்று பிட், பின்னது நான்கு பிட் வைக்கும். க்யூ.எல்.சி. விலை குறைவு, நீண்ட நேரம் தொடர்ந்து எழுதும் போது வேகம் வெகுவாகக் குறையும். போட்டோ, பாட்டு சேர்த்து வைக்கப் போதும். விண்டோஸ் போடுவதற்கு டி.எல்.சி. நல்லது.

கேள்விப்படாத பெயரில், நம்ப முடியாத குறைந்த விலையில் 2 டிபி, 4 டிபி என்று விற்கப்படுபவற்றை விட்டு விலகுங்கள். அதிக அளவு இருப்பதாகக் காட்டி, உள்ளே சிறிய மெமரியை வைத்திருக்கும் போலிகள் உலவுகின்றன. அளவைத் தாண்டியவுடன் பைல்கள் கெட்டுவிடும். வாங்கியவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவச புரோகிராம் மூலம் டிரைவை முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்துக் கொள்ளலாம்.

விலை பற்றி ஒரு வார்த்தை. பல ஆண்டுகளாக எஸ்.எஸ்.டி. விலை இறங்கும் போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் பொறுத்தால் குறையும்" என்று காத்திருந்தவர்கள் லாபம் அடைந்தார்கள். 2025ன் பிற்பகுதியில் இந்த நிலை மாறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை மொத்தமாக வாங்கத் தொடங்க, சில்லறை விலை ஏறியது. க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு வாசகர்களுக்கு விற்று வந்த மெமரி வியாபாரத்திலிருந்து விலகப் போவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. எனவே தேவை உண்மையாக இருந்தால், விலை குறையும் என்று ஓராண்டு காத்திருப்பதில் அர்த்தம் இல்லை. தேவையற்ற அளவும் வேகமும் வாங்குவதிலும் அர்த்தம் இல்லை.

மாற்றும் போது

முதலில் பேக்கப். கடையில் கொடுத்து மாற்றினாலும் முதலில் பேக்கப். பழைய ஹார்ட் டிஸ்க்கின் நிலையை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ புரோகிராமில் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை காட்டினால், குளோனிங் போன்ற வேலைகளைத் தொடங்கும் முன் போட்டோக்களையும் ஆவணங்களையும் தனியாக காப்பி செய்து விடுங்கள். கெட்டுக் கொண்டிருக்கும் டிஸ்க்கை முழுவதுமாகப் படிக்க வைத்தால், அதுவே அதன் கடைசிப் பயணமாகிவிடலாம்.

குளோனிங்கா, புதிதாக விண்டோஸ் போடுவதா? ஏழு வருடக் குப்பையை அப்படியே புதிய டிரைவிற்குக் கொண்டு போவதை விட, புதிதாக விண்டோஸ் பதிந்து பைல்களை மட்டும் காப்பி செய்வதே என் பரிந்துரை. ஆனால் டாலி போன்ற புரோகிராம்களை மீண்டும் பதிந்து லைசென்ஸ் கொடுக்க இயலாதவர்கள் குளோனிங் செய்திடலாம். குளோன்ஜில்லா இதற்கான இலவச புரோகிராம். புதிய டிரைவ் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும்.

பிட்லாக்கரை மறக்க வேண்டாம். நீங்கள் எதுவும் செய்யாமலேயே சில லேப்டாப்களில் என்கிரிப்ஷன் செயல்பட்டுக் கொண்டிருக்கும். டிரைவை மாற்றும் முன் அதனை நிறுத்தி வையுங்கள். 48 இலக்க ரெகவரி கீயைத் தாளில் எழுதி வையுங்கள். கீ இல்லாவிட்டால் உங்கள் பைல்களை உங்களாலேயே திறக்க முடியாமல் போகலாம்.

பழைய டிரைவை விட்டு வராதீர்கள்

இதைத் தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். "பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் இருநூறு ரூபாய் குறைத்துக் கொள்கிறோம்" என்று சில கடைகளில் சொல்வார்கள். அந்த டிஸ்க்கில் இருப்பவை ஆதார், பான் நகல்கள், பேங்க் ஸ்டேட்மெண்ட், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், வீட்டுப் பெண்களின் போட்டோக்கள். டெலிட் செய்தாலும், க்விக் பார்மட் செய்தாலும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இவற்றை மீட்டுவிட முடியும். இருநூறு ரூபாய்க்கு இதைக் கொடுப்பதா?

பழைய டிரைவைக் கேட்டு வாங்கி வாருங்கள். அது உங்கள் பொருள். யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டால் அதுவே பேக்கப் டிஸ்க் ஆகிவிடும். பழைய எஸ்.எஸ்.டி. என்றால், வருடக் கணக்கில் மின்சாரம் இல்லாமல் பெட்டியில் வைத்து அதை மட்டுமே நம்ப வேண்டாம்; பிளாஷ் மெமரி சார்ஜை மெல்ல இழக்கும். விற்கவே வேண்டும் என்றால், ஹார்ட் டிஸ்க்கை க்விக் இல்லாத முழு பார்மட் செய்திடவும். எஸ்.எஸ்.டி.யை அதன் நிறுவனம் தரும் புரோகிராமில் உள்ள செக்யூர் இரேஸ் மூலம் அழித்திடவும்.

எப்போது மாற்றக் கூடாது?

டிரைவ் மாற்றினால் தீராத பிரச்னைகளும் உண்டு. ராம் 2 ஜிபி தான், கூட்டவும் வழியில்லை என்றால் இன்றைய பிரவுசரே திணறும். கீல் உடைந்து, பேட்டரி உப்பி, திரையில் கோடு விழுந்த லேப்டாப்பில் புதிய டிரைவ் போடுவது, ஒழுகும் வீட்டிற்கு வெள்ளையடிப்பது போன்றது. பேட்டரி உப்பியிருந்தால் உபயோகத்தையே நிறுத்துங்கள்.

விண்டோஸ் கணக்கும் உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட்டை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ல் முடித்துக் கொண்டது. விண்டோஸ் 11க்கு இண்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசசரும், டி.பி.எம். 2.0வும் வேண்டும். டிரைவ் மாற்றுவது இதை மாற்றாது. இத்தகைய லேப்டாப்பை பேங்க் வேலைக்கு நம்பியிருப்பவர் புதியது வாங்குவது நியாயம். படிக்கவும் எழுதவும் மட்டும் என்றால், லினக்ஸ் மிண்ட் போட்டு, எஸ்.எஸ்.டி. பொருத்தினால் இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம்.

வாங்கும் போதே கேளுங்கள்

ஒரு டிரைவ் நிரம்பிவிட்டது என்பதற்காக ஒரு முழு லேப்டாப்பைக் கழிக்க வைக்கும் வடிவமைப்பை நான் ஏற்கவில்லை. மெல்லியதாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் காரணம் சொல்லலாம். ஆனால் எம்.2 2230 டிரைவின் நீளம் 30 மி.மீ. தான். அதற்குக் கூடவா இடம் இல்லை? சால்டர் செய்யப்பட்ட மெமரி கெட்டால், மதர்போர்டையே மாற்ற வேண்டி வரும். உங்கள் பைல்களும் அதோடு போகும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கான இணைய தளத்தைத் தொடங்கியது நல்ல ஆரம்பம். ஆனால் நிறுவனங்கள் வேகமாகக் கேட்பது வாங்குபவரின் குரலைத் தான்.

அடுத்த முறை லேப்டாப் வாங்கச் செல்லும் போது, "எத்தனை ஜிபி?" என்பதோடு நிறுத்தாமல், "டிரைவைக் கழற்ற முடியுமா? காலி ஸ்லாட் உண்டா? திறந்தால் வாரண்டி போகுமா?" என்றும் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் மேனுவலை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இப்போது வீட்டில் உள்ள பழைய லேப்டாப்பிற்கும் இதே கேள்விகள் தான். முதல் கேள்விக்கு "முடியும்" என்று பதில் வந்தால், புதியதற்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி உங்கள் பையிலேயே இருக்கும்.